பழியில் பங்கு யாருக்கு? மலக்குழி மரணங்களும் இழப்பீட்டுச் சட்டமும்

மலக்குழி மரணம் நிகழ்ந்த மறுநாள் வரும் செய்தியின் வடிவம் நமக்கு மனப்பாடம். பாதுகாப்பு உபகரணம் இன்றி இறங்கிய தொழிலாளி விஷவாயு தாக்கி உயிரிழந்தார் என்று அது முடியும். இவ்வாக்கியத்தில் இறங்கியவர் இருக்கிறார், தாக்கிய வாயு இருக்கிறது. இறக்கியவர் மட்டும் இல்லை.

சில மாதங்கள் கழித்து இதே வாக்கியம் எதிர்மனுதாரரின் பதிலுரையாக நீதிமன்றத்துக்கு வருகிறது. தொழிலாளி எச்சரிக்கையை மீறித் தானே இறங்கினார் என்பார்கள். மது அருந்தியிருந்தார் என்பார்கள். உபகரணம் கொடுத்தும் அணியவில்லை என்பார்கள். உள்ளாட்சி அமைப்பு ஒப்பந்ததாரரைக் காட்டும். ஒப்பந்ததாரர் துணை ஒப்பந்ததாரரைக் காட்டுவார். அவர் இறந்தவரையே காட்டுவார். பழி இவ்வாறு கீழே இறங்கிக்கொண்டே போய், கடைசியில் குழிக்குள் கிடப்பவர் மீது விழுகிறது.

விபத்து வழக்குகளில் தவறை யார் யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பதற்கும், அதன்படி இழப்பீட்டைப் பகிர்வதற்கும் சட்டத்தில் விதிகள் உண்டு. அவ்விதிகள் எங்கிருந்து வந்தன, மலக்குழி மரணங்களில் அவை எப்படிப் பயன்படுத்தப்படுகின்றன, எங்கே திருத்தப்பட வேண்டும் என்பதை இக்கட்டுரையில் விளக்குகிறோம். நமது நிலைப்பாட்டை முதலிலேயே கூறிவிடுகிறோம். சட்டம் தடை செய்த வேலையில் இறந்தவருக்கும் காயமுற்றவருக்கும் தவறில் பங்கு கிடையாது. முழுத் தொகையும் முதலில் குடும்பத்தைச் சேர வேண்டும். பொறுப்பாளிகள் தமக்குள் பங்கு பிரித்துக்கொள்வது அதற்குப் பின்னரே நடக்க வேண்டும்.

இரண்டு அலட்சியங்கள்

சட்ட மாணவர்களே குழப்பிக்கொள்ளும் இரு கருத்துகளை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம்.

பாதிக்கப்பட்டவரின் கவனக்குறைவும் சேர்ந்து விபத்துக்குக் காரணமானால் அது பங்களிப்பு அலட்சியம். அவருடைய பங்கு நான்கில் ஒன்று என்று நீதிமன்றம் முடிவு செய்தால், அவருக்குரிய இழப்பீட்டில் 25 விழுக்காடு குறையும்.

பாதிக்கப்பட்டவர் மீது தவறே இல்லாமல், வேறு இருவர் அல்லது பலருடைய அலட்சியம் சேர்ந்து தீங்கு விளைவித்தால் அது கூட்டு அலட்சியம். இங்கே தவறிழைத்த ஒவ்வொருவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் முழுத் தொகைக்கும் பொறுப்பாவர். பாதிக்கப்பட்டவர் அவர்களில் எவரிடமிருந்தும் முழுத் தொகையையும் பெறலாம். யாருடைய பங்கு எவ்வளவு என்று அவர் மெய்ப்பிக்க வேண்டியதில்லை.

உச்ச நீதிமன்றம் 2008இல் டி.ஓ. ஆண்டனி வழக்கில் இவ்வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துரைத்தது. 2015இல் கெனேய் வழக்கில், கூட்டு அலட்சியத்தால் பாதிக்கப்பட்டவர் தவறிழைத்தவர்களுள் எவர் ஒருவரிடமிருந்தும் முழு இழப்பீட்டையும் வசூலிக்கலாம் என்பதை உறுதிப்படுத்தியது. இரண்டும் மோட்டார் வாகன விபத்து வழக்குகள். ஆயினும் அவற்றின் கொள்கை சாலையோடு முடிந்துவிடுவதன்று.

ஒரு மலக்குழி மரணத்தில் வேலையைக் கொடுத்த அமைப்பு, ஒப்பந்ததாரர், மேற்பார்வையாளர் எனப் பலர் இருக்கின்றனர். சட்டப்படி இது கூட்டு அலட்சியம். எதிர்தரப்பின் முயற்சி முழுவதும் இதனைப் பங்களிப்பு அலட்சியமாக மாற்றுவதிலேயே இருக்கிறது. இந்த ஒரு சொல் மாற்றத்தில் குடும்பம் பல லட்சங்களை இழக்கிறது.

இவ்விதி வந்த வழி

பங்களிப்பு அலட்சியம் ஆங்கிலேயப் பொதுச் சட்டத்திலிருந்து வந்த கோட்பாடு. 1809ஆம் ஆண்டின் பட்டர்ஃபீல்டு எதிர் ஃபாரஸ்டர் வழக்கிலிருந்து வளர்ந்த அக்கால விதி மிகக் கொடியது. பாதிக்கப்பட்டவர் மீது சிறிதளவு தவறு இருந்தாலும் அவருக்கு ஒரு காசும் கிடையாது. 1837இல் வந்த பிரீஸ்ட்லி எதிர் ஃபவுலர் வழக்கு இன்னொரு கதவையும் அடைத்தது. உடன் வேலை செய்யும் தொழிலாளியின் தவறால் காயம் நேர்ந்தால் முதலாளி பொறுப்பில்லை என்ற கோட்பாடு அதிலிருந்து வளர்ந்தது. ஆலைகளும் சுரங்கங்களும் பெருகிய காலத்தில் உடல் உறுப்புகளை இழந்த தொழிலாளர்கள் வெறுங்கையுடன் திருப்பி அனுப்பப்பட்டனர்.

இங்கிலாந்தில் 1945ஆம் ஆண்டின் சட்டமே இந்த முழுத் தடையை நீக்கி, பங்கின் அளவுக்கு மட்டும் தொகையைக் குறைக்கலாம் என்று மாற்றியது. ஆகவே பங்கு பிரிக்கும் முறை தோன்றியபோது அது பாதிக்கப்பட்டவருக்கு ஆதரவான சீர்திருத்தமாகவே இருந்தது. இந்தியாவில் இதற்கென ஒன்றியச் சட்டம் எதுவும் இல்லை. கேரளம் 1976இல் தனிச் சட்டம் இயற்றியது. ஏனைய மாநிலங்களில் நீதிமன்றத் தீர்ப்புகளே வழிகாட்டுகின்றன.

சீர்திருத்தம் என்னும் சொல் எப்போதும் ஏழைகளின் பக்கம் நிற்பதில்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1986இல் 51ஆவது முன்மொழிவு மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறியது. அதன்படி வலி, மன வேதனை போன்ற பொருளாதாரம் சாராத இழப்புகளுக்கு ஒவ்வொரு பிரதிவாதியும் தன் பங்கை மட்டும் செலுத்தினால் போதும். அவர்களுள் ஒருவர் பணமற்றவராக இருந்தால் அந்தப் பங்கு பாதிக்கப்பட்டவரின் நட்டமாகவே முடியும். இந்தியாவில் இப்படியொரு மாற்றம் வந்தால், பெயர்ப்பலகை கூட இல்லாத துணை ஒப்பந்ததாரரின் தலையில் பெரும்பங்கை ஏற்றிவிட்டு மற்றவர்கள் வெளியேறிவிடுவார்கள். எனவே எந்தத் திசையில் சீர்திருத்தம் என்று கேட்பதும் நம் கடமை.

இறந்தவருக்குப் பங்கு உண்டா?

கையால் மலம் அள்ளும் தொழிலில் ஈடுபடுத்துவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, எந்த நபரும் உள்ளாட்சி அமைப்பும் முகமையும், நேரடியாகவோ மறைமுகமாகவோ, எவரையும் சாக்கடையிலும் மலக்குழியிலும் ஆபத்தான துப்புரவுப் பணியில் ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. மீறினால் முதல் குற்றத்துக்கே இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம் என்கிறது 9ஆம் பிரிவு.

ஆபத்தான துப்புரவு என்பதற்கு இச்சட்டம் தரும் விளக்கத்தைக் கவனியுங்கள். வேலை கொடுப்பவர் பாதுகாப்புக் கருவிகளை வழங்கும் கடமையையும், பாதுகாப்பு நடைமுறைகள் பின்பற்றப்படுவதை உறுதி செய்யும் கடமையையும் நிறைவேற்றாமல் ஒருவரைக் கையால் சுத்தம் செய்ய வைப்பதே ஆபத்தான துப்புரவு. கொடுத்தோம், அவர் அணியவில்லை என்னும் விடை இங்கே போதாது. அணிந்திருக்கிறாரா என்று பார்ப்பதும், அணியாவிட்டால் இறங்க விடாமல் தடுப்பதும் இறக்குபவரின் கடமை. சட்டம் அந்தக் கடமையைத் தொழிலாளியின் தோளில் வைக்கவில்லை.

ஆபத்தை அறிந்தே இறங்கினார் என்ற வாதமும் பழையதே. 1891இல் ஸ்மித் எதிர் பேக்கர் வழக்கில், ஆபத்து இருப்பதை ஒரு தொழிலாளி அறிந்திருந்தார் என்பதனாலேயே அதற்கு அவர் உடன்பட்டுவிட்டார் என்று கொள்ள முடியாது என இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை கூறிவிட்டது. இறங்காவிட்டால் அன்றைய கூலி இல்லை, நாளை வேலையும் இல்லை என்ற நிலையில் இருப்பவரின் தலையசைப்பை ஒப்புதல் என்று அழைக்க முடியுமா? தலைமுறை தலைமுறையாக ஒரே சாதிகளின் மீது சுமத்தப்பட்ட வேலையில் விருப்பம் என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

குழிக்குள் இருக்கும் வாயுவும் இவ்வாதத்தைப் பொய்யாக்குகிறது. ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். அளவு மிகும்போது முகரும் திறனே மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று எண்ணும் கணத்தில்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கிறது. வாயு அளக்கும் கருவியில்லாமல் மூக்கை மட்டும் நம்பி இறக்கப்பட்டவரிடம் கவனமாக இருந்திருக்கலாமே என்று கேட்பது அறிவியலுக்கும் ஒவ்வாது.

சட்டமீறல் ஒன்று நடந்தது என்பதாலேயே பங்களிப்பு அலட்சியம் ஆகிவிடாது என்பதையும் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. 2020இல் முகமது சித்திக் வழக்கில், இருசக்கர வாகனத்தில் மூவர் பயணித்தனர் என்பதற்காகச் செய்யப்பட்ட 10 விழுக்காடு குறைப்பை அது நீக்கியது. அந்த மீறலுக்கும் விபத்துக்கும் காரணத் தொடர்பு காட்டப்பட வேண்டும் என்றது. மது அருந்தியிருந்தார் என்ற வாதத்துக்கும் இதே அளவுகோல் பொருந்தும். உயிரைப் பறித்தது வாயு. மது அருந்தாதவரையும் அது விட்டுவைப்பதில்லை.

இதில் நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை. காலனிய ஆட்சியில் இயற்றப்பட்டு, பின்னர் திருத்தப்பட்டு, 2025 வரை நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படியே, மரணம் அல்லது நிரந்தர முழு ஊனம் நேர்ந்தால் மது, கட்டளை மீறல், பாதுகாப்புச் சாதனத்தை அகற்றியது ஆகிய எதிர்வாதங்களை வேலை கொடுப்பவர் எழுப்ப முடியாது என்றிருந்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் இக்கொள்கையைத் தன்னுள் கொண்டுள்ளது. முன்வாசலில் அடைக்கப்பட்ட வாதம் பொதுச் சட்டம் என்னும் பின்வாசல் வழியே திரும்பி வருவதைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

காப்பாற்ற இறங்கியவர்

முதலில் இறங்கியவர் மயங்குகிறார். மேலே நிற்கும் தம்பியோ மைத்துனரோ உடன் வேலை செய்பவரோ ஒரு நொடியும் யோசிக்காமல் இறங்குகிறார். அவரும் வருவதில்லை. ஒரே குழியில் இருவர், மூவர் என இறப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். இரண்டாமவரின் குடும்பத்திடம், அவரை யாரும் இறங்கச் சொல்லவில்லையே என்று வாதிடப்படுகிறது.

இதற்கும் சட்டத்தில் விடை உண்டு. 1959இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் பேக்கர் எதிர் ஹாப்கின்ஸ் வழக்கைத் தீர்த்தது. கிணறு ஒன்றைச் சுத்தம் செய்ய எண்ணெய் இயந்திரத்தை உள்ளே இயக்கியதால் நச்சுவாயு நிறைந்தது. இரு தொழிலாளர்கள் உள்ளே மயங்கினர். அவர்களைக் காப்பாற்ற இறங்கிய மருத்துவரும் இறந்தார். மருத்துவர் தாமாக ஆபத்தை ஏற்றார் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒருவரை ஆபத்தில் தள்ளுபவர், அவரைக் காப்பாற்ற இன்னொருவர் வருவார் என்பதையும் எதிர்பார்த்தாக வேண்டும் என்பதே இக்கோட்பாட்டின் சாரம். மருத்துவரின் துணிவை மதித்த சட்டம், அண்ணனைத் தூக்க இறங்கிய தம்பியின் துணிவையும் அவ்வாறே மதிக்க வேண்டும்.

ஒப்பந்ததாரர் என்னும் திரை

ஒப்பந்தப் பத்திரத்தில் எல்லாப் பொறுப்பும் ஒப்பந்ததாரருடையதே என்று எழுதிவிட்டால் உள்ளாட்சி அமைப்பு தப்பித்துவிடுமா? 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இக்கேள்விக்கு நூறாண்டுகளுக்கு முன்பே விடையளித்துவிட்டது. வேலையின் முதன்மை உரிமையாளர், ஒப்பந்ததாரரின் தொழிலாளிக்கும் தாமே நேரடியாக அமர்த்தியிருந்தால் எவ்வளவு செலுத்த வேண்டுமோ அவ்வளவு இழப்பீட்டைச் செலுத்த வேண்டும் என்றது அது. பின்னர் அதனை ஒப்பந்ததாரரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்றும் கூறியது. உள்ளாட்சி அமைப்பு நடத்துவது வணிகமன்று என்ற வாதத்துக்கும் அதே சட்டத்தின் 2(2) பிரிவு இடம் தரவில்லை. உள்ளாட்சி அமைப்பின் கடமைகளை நிறைவேற்றுவது அதன் தொழிலாகவே கருதப்படும் என்றது அது.

2011இல் தில்லி ஜல் வாரிய வழக்கில், சாக்கடைத் தொழிலாளர்களின் பாதுகாப்பை உறுதி செய்யும் பொறுப்பிலிருந்து அரசும் அதன் அமைப்புகளும் தம்மை விடுவித்துக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதற்கும் முன்பே, தில்லியில் ஓலியம் வாயு கசிந்தது தொடர்பான எம்.சி. மேத்தா வழக்கில், 1986 டிசம்பரில், அபாயகரமான தொழிலை நடத்தும் நிறுவனம் எவ்வித விதிவிலக்குமின்றி முழுப் பொறுப்பு ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு நிறுவப்பட்டது. நகரமே தன் மலத்தை ஒப்படைத்திருக்கும் சாக்கடைக் கட்டமைப்பை அபாயகரமான தொழில் என்று கொள்ளாவிட்டால் வேறெதைக் கொள்வது?

தனியார் வீட்டு மலக்குழிகளில் நேரும் மரணங்களில் நிலைமை சற்றுச் சிக்கலானது. வீட்டு உரிமையாளர் அழைத்தார், எங்களுக்குத் தொடர்பில்லை என்று உள்ளாட்சி அமைப்பு கூறும். 7ஆம் பிரிவு வீட்டு உரிமையாளரையும் கட்டுப்படுத்தும் என்பது உண்மையே. எனினும் சிறு வீட்டின் உரிமையாளரிடமிருந்து பெருந்தொகையை வசூலிக்கப் பல்லாண்டுகள் ஆகும். அதுவரை விதவையைக் காத்திருக்க வைப்பது நீதியாகாது. அரசு முதலில் செலுத்தி, உரிமையாளரிடமும் ஒப்பந்ததாரரிடமும் பின்னர் வசூலித்துக்கொள்வதே முறை.

தொகைக்குள் ஒளிந்திருக்கும் சாதி

தவறின் பங்கு சரியாக முடிவானாலும் தொகையின் கணக்கில் இன்னொரு அநீதி காத்திருக்கிறது. 2009இன் சரளா வர்மா தீர்ப்பும், 2017இன் பிரணய் சேத்தி தீர்ப்பும் வகுத்த முறைப்படி, ஆண்டு வருமானத்தோடு எதிர்கால உயர்வைக் கூட்டி, இறந்தவரின் சொந்தச் செலவைக் கழித்து, வயதுக்குரிய பெருக்கெண்ணால் பெருக்க வேண்டும். வாகன விபத்துகளுக்காக வகுக்கப்பட்ட இம்முறையே பிற வழக்குகளிலும் வழிகாட்டியாகக் கொள்ளப்படுகிறது.

வயது 32, சார்ந்திருப்போர் நால்வர் என்று கொள்வோம். கூலிச் சீட்டு இல்லாததால் நீதிமன்றம் மாத வருமானத்தை 8,000 ரூபாய் என மதிப்பிட்டால், ஆண்டுக்கு 96,000. எதிர்கால உயர்வு 40 விழுக்காடு சேர்த்தால் 1,34,400. நான்கில் ஒரு பங்கு கழித்தால் 1,00,800. பெருக்கெண் 16. வருமான இழப்பு 16,12,800 ரூபாய். பங்களிப்பு அலட்சியம் 25 விழுக்காடு என்று தீர்ப்பானால் மிஞ்சுவது 12,09,600. 1923ஆம் ஆண்டுச் சட்டக் கணக்கில் இதே மனிதருக்கு 8,15,400 ரூபாய்தான் கிடைத்திருக்கும்.

அதே வயதும் அதே குடும்பமும் கொண்ட, மாதம் 80,000 ரூபாய் பெறும் நிரந்தரப் பொறியாளருக்கு இதே முறையில், 50 விழுக்காடு உயர்வுடன், வருமான வரியைக் கணக்கில் கொள்ளாமல், 1,72,80,000 ரூபாய் வரும். சூத்திரம் யாருடைய சாதியையும் கேட்பதில்லை. ஆனால் அதற்குள் நாம் இடும் கூலியைச் சாதி முன்பே நிர்ணயித்துவிட்டது. உயிரோடு இருந்தபோது குறைத்துக் கொடுத்த கூலியே இறந்த பின்னும் விலையாகிறது.

இந்நிலையில் உச்ச நீதிமன்றத்தின் இரு தீர்ப்புகள் பெரும் பாதுகாப்பு. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் மரண இழப்பீடு பற்றிய பிரிவே இல்லை. 2014 மார்ச் 27 அன்று சஃபாய் கர்மச்சாரி ஆந்தோலன் வழக்கில் 10 லட்சம் ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் அது 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. வாழ்வாதாரத்தை இழக்கச் செய்யும் நிரந்தர ஊனத்துக்குக் குறைந்தது 20 லட்சம், ஏனைய ஊனங்களுக்குக் குறைந்தது 10 லட்சம். கூலியையும் பார்க்காமல், தவறின் பங்கையும் கேட்காமல் வழங்கப்படும் தொகை இது. ஆயினும் இது தீர்ப்பின் பலத்தில் நிற்கிறதே தவிர, சட்டப் பிரிவாக இன்னும் எழுதப்படவில்லை. மேலும் பல அலுவலகங்களில் இதுவே உச்சவரம்பு என்பதுபோல் நடத்துகின்றனர். அரசமைப்பு உரிமை மீறலுக்காக வழங்கப்படும் இழப்பீடு, தனிச் சட்டத்தின் கீழான இழப்பீட்டு உரிமையிலிருந்து வேறானது என்பதை 1993இன் நிலபதி பெஹரா தீர்ப்பு விளக்கியுள்ளது. 30 லட்சம் என்பது தரை. அதன் மேல் கூரை எதுவும் போடப்படவில்லை.

என்ன மாற வேண்டும்

பங்களிப்பு அலட்சியம் என்ற கோட்பாட்டையே ஒழிக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. சாலையில் எதிரெதிரே வரும் இரு வாகன ஓட்டிகளிடையே அது நியாயமானது. இருவரும் நிகரானவர்கள், இருவரும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவர்கள். இறக்குபவரும் இறங்குபவரும் அவ்வாறு நிகரானவர்கள் அல்லர். ஆகவே 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் குடிமைப் பொறுப்புக்கெனத் தனி அத்தியாயம் சேர்க்கப்பட வேண்டும் என்கிறோம். அதில் ஐந்து விதிகள் தேவை.

1. 7ஆம் பிரிவு தடை செய்த பணியில் இறந்தவர், காயமுற்றவர், காப்பாற்ற முயன்றவர் ஆகியோர் மீது தவறின் எந்தப் பங்கும் சுமத்தப்படக் கூடாது. மரணமும் முழு ஊனமும் அல்லாத சிறு காயங்களுக்கும் இது பொருந்த வேண்டும்.

2. முதன்மை அமைப்பு, ஒப்பந்ததாரர், துணை ஒப்பந்ததாரர் அனைவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாவர். முதன்மை அமைப்போ அரசோ குறித்த காலத்துக்குள் முழுத் தொகையையும் செலுத்த வேண்டும்.

3. மெய்ப்பிக்கும் சுமை இறக்கியவருடையது. தலைமை அலுவலரின் எழுத்துவழி அனுமதியும் வாயு அளவுப் பதிவும் காட்டப்படாவிட்டால் அலட்சியம் நிகழ்ந்ததாகவே நீதிமன்றம் கொள்ள வேண்டும்.

4. 30 லட்சம் குறைந்த அளவுத் தொகையாகச் சட்டத்தில் எழுதப்பட்டு, விலைவாசிக்கேற்ப உயர வேண்டும். அதற்கு மேல் கோரும் வழக்குகளில், இறந்தவர் பெற்ற நாட்கூலிக்கு மாறாக, அதே பணிக்குரிய நிரந்தரப் பணியாளரின் ஊதியமே வருமானமாகக் கொள்ளப்பட வேண்டும்.

5. இழப்பீடு பெற்றது குற்ற வழக்கை முடிக்கும் சமரசமாகக் கருதப்படக் கூடாது.

சிறிய பேரூராட்சியால் இவ்வளவு தொகையைத் தாங்க முடியுமா என்று கேட்பவர்களுக்கும் நாம் விடை கூற வேண்டும். தாங்க முடியாது என்பது உண்மையாக இருக்கலாம். அதனால்தான் மாநில அரசு பின்நிற்க வேண்டும். ஒப்பந்தப் புள்ளியிலேயே காப்பீடும் வைப்புத் தொகையும் கட்டாயமாக வேண்டும். மனிதரை இறக்குவது இயந்திரத்தைவிட மலிவாக இருக்கும் வரை மனிதரே இறக்கப்படுவார். அந்தக் கணக்கை மாற்றும் வலிமை முழு இழப்பீட்டுக்கு உண்டு.

களத்தில் நிற்போருக்கு

சட்டம் மாறும் வரை இருக்கும் சட்டத்தைக் கொண்டே போராட வேண்டும். மரணச் செய்தி கேட்டு முதலில் ஓடுபவர்கள் பெரும்பாலும் செயற்பாட்டாளர்களும் மாணவர்களுமே. முதல் தகவல் அறிக்கை அலட்சிய மரணம் என்ற ஒரு பிரிவோடு முடிகிறதா, 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவுகளும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்க்கப்பட்டனவா என்று பாருங்கள். தானாக இறங்கினார் என்ற சொல் புகாரில் நுழைந்துவிடாமல் காத்துக்கொள்ளுங்கள். பிந்தைய வழக்கு முழுவதும் அச்சொல்லின் மேல்தான் கட்டப்படும். அழைத்த தொலைபேசி எண், வாகனப் பதிவெண், ஒப்பந்த ஆணை, இடத்தின் ஒளிப்படங்கள், உடன் இருந்தவர்களின் பெயர்கள் ஆகியவற்றை அன்றே திரட்டுங்கள். கூலி கொடுத்ததற்கான சிறு குறிப்பும் பின்னர் ஆவணமாகும். வெற்றுத் தாளில் குடும்பத்தினர் கையொப்பமிட வேண்டாம். இழப்பீட்டு மனுவுக்குக் காலவரம்பு உண்டு என்பதால் இலவசச் சட்ட உதவி மையத்தையேனும் விரைவில் அணுகச் செய்யுங்கள்.

ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் அளித்த மலக்குழி மரண எண்ணிக்கைகளில் தமிழ்நாடு முன்வரிசையில் நின்றிருக்கிறது. சமூகநீதியைப் பெருமையாகப் பேசும் மண்ணுக்கு இது அழகன்று. செய்தித் தலைப்பில் விடுபட்டுப்போன அந்த ஒருவரை, இறக்கியவரை, வாக்கியத்துக்குள் கொண்டுவந்து நிறுத்த வேண்டியது நம் வேலை. அவர் அங்கே வந்துவிட்டால் பழியின் பங்கு தானாகவே தன் இடத்தைச் சேரும்.